மூன்று இலை தைத்த மேசைத்துணி

கல்யாண வேலை செய்கிறவர்கள் நடுவில் அவளுக்கு மேசைத்துணி அக்கா என்று பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்த சமையல்காரரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஊரில் எந்தப் பெரிய மண்டபத்தில் கல்யாணம் நடந்தாலும் விருந்தாளிகள் கை வைக்கிற வெள்ளைத் துணி அவள் வெளுத்ததாக இருக்கும். இல்லையென்றால் அவளைப் பார்த்து வேறு யாரோ வெளுக்கக் கற்றுக்கொண்டதாக இருக்கும். இதை அவளே சொல்லுவாள். அடக்கமாக இருப்பதற்கெல்லாம் அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. பத்தொன்பது வயதில் ஒரு மண்டபத்தின் பின்பக்கம் எச்சில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். ஒருநாள் கறைபட்ட ஆறு மேசைத்துணிகளைக் குப்பையில் போட்டார்கள். அதை வீட்டுக்கு எடுத்துப்போய் மூன்று நாள் ஊறவைத்து, வேகவைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, தேய்த்து, திரும்பக் கொண்டுவந்து நீட்டினாள். மண்டபத்து மேனேஜர் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் அவள் தொழிலுக்கு முதலீடு. இன்றைக்கு நானூற்று அறுபது துணி, ஆள் உயரத்துக்கு இரண்டு கொப்பரை, இரண்டு பெண்கள் நின்று இழுக்கிற உருளைத் தேய்ப்பு இயந்திரம், ஒரு வேன். வேனை ஓட்டுவது வீட்டுக்காரர். அவர் அதிகம் பேசமாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவதால் குடும்பத்தில் ஒரு குறையும் இல்லை.

அவள் பட்டறையில் ஒரு துணியும் செத்ததில்லை. மெழுகு கொட்டினால் காகிதம் வைத்துத் தேய்த்து எடுப்பாள். சூடுபட்டு ஓட்டை விழுந்தால் வெள்ளை நூலால் மூன்று இலை தைத்து அடைப்பாள். ஆனால் அந்த இலைகளை யாரும் பார்க்கக்கூடாது. தைத்த பக்கத்தின் ஓரமடிப்பில் ஒரு சிவப்பு நூல் முடிச்சு இருக்கும். சிவப்பு நூல் சுவர்ப்பக்கம் போகவேண்டும். இதுதான் அவள் வீட்டுச் சட்டம்.

அந்தச் சட்டம் ஒரே ஒரு தடவை மீறப்பட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால், ஆற்றோரம் இருக்கிற கண்ணாடி மண்டபத்தில், ஊரே திரண்டு வந்த ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். அன்றைக்குப் பார்த்து அக்காவுக்கு எழுந்திருக்க முடியாத காய்ச்சல். துணி விரிக்க வீட்டுக்காரரே போனார். இத்தனை வருஷம் வண்டியில் உட்கார்ந்தே பார்த்த மனிதர், சிவப்பு நூல் என்றால் முன்பக்கம் என்று நினைத்துக்கொண்டார். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற தலைமேசையில், மூன்று இலையும் ஊரைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி விரித்துவிட்டு வந்தார். பூ அலங்காரம் செய்கிற ஏணி வந்து சொல்லித்தான் அக்காவுக்குத் தெரியும். எந்நேரமும் தோளில் ஏணியோடு திரிவதால் அவனுக்கு அந்தப் பெயர். அக்கா மூன்று நாள் வீட்டுக்காரரோடு பேசவில்லை. நாலாம் நாள் பேச ஆரம்பித்ததற்கு, அந்த மூன்று நாளே பரவாயில்லை என்று அவர் ஏணியிடம் சொன்னாராம்.

இப்படிப்பட்டவளின் ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

மகள் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளையின் அப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். அந்த நல்ல மனத்தால்தான் வினையே வந்தது. பெண்ணின் அம்மா மற்றவர்கள் கல்யாணத்துக்கு ஓடியது போதும், சொந்த மகள் கல்யாணத்தில் நாற்காலியில் உட்காரட்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டார். செல்போனில் தேடி, மண்டபம், பூ, விளக்கு, படம், சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே கையால் செய்து கொடுக்கிற ஒரு நிறுவனத்தைக் கண்டுபிடித்தார். நானூறு பேர் அதற்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் என்று பெருமையோடு காட்டினார். கண்ணாடி மண்டபமே கிடைக்கும் என்றார். கடைசியாக, உங்கள் துணிகூட வேண்டாம் சம்பந்தியம்மா, அவர்களே கொண்டுவருவார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. தன் மகள் கல்யாணத்தில் வேறொருத்தன் துணி. ஆனால் இத்தனை பிரியமாகச் சொல்கிற மனிதரிடம் என்னத்தைச் சொல்வது.

பணம் கட்டப் போவதற்கு முந்தின நாள் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, அவரு பார்த்துப் பார்த்துப் பண்றாரு. நாளைக்கு அந்த ஆபீஸ்ல நீ பாட்டுக்கு மூணு நாள் ஊற வெச்சேன், கஞ்சி போட்டேன்னு ஆரம்பிச்சிடாதே. ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயைத் திறக்காம இரு."

"நான் எப்படி வாயைத் திறந்தேன், என்னைக்குத் திறந்தேன்?"

அடுத்த அறையில் வீட்டுக்காரருக்கு இருமல் வந்தது.

மகள் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் எல்லாரும் படித்தவர்கள், தன் அம்மாவைப் பற்றி ஒருத்தர்கூட ஒரு வார்த்தை குறைவாகப் பேசக்கூடாது, அதற்காகத்தான் கேட்கிறேன் என்றாள். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. அக்கா அவள் கையைப் பிடித்து, திறக்கமாட்டேன் போ என்று வாக்குக் கொடுத்தாள். வாழ்க்கையில் அவள் தூக்கிய பாரங்களில் இதுதான் பெரியது.

மறுநாள் அக்காவும் வாத்தியாரும் போனார்கள். வீட்டுக்காரர் கீழே வேனில் இருந்துகொண்டார். மூன்றாம் மாடியில் கண்ணாடிக் கதவு, வாசனை அடிக்கிற பெட்டி, உட்கார்ந்தால் அமுங்குகிற சோபா. வரவேற்பில் ஒரு பெண் காகிதக் கோப்பையில் டீ கொடுத்தாள். கோட்டுப் போட்ட ஒருவன் வந்து இரண்டு கையாலும் கும்பிட்டான். பேச்சில் தேன் சொட்டியது. அக்கா வாயைத்தான் மூடியிருந்தாள், கண்ணை மூடவில்லை. தரையைப் பார்த்தாள். ஒரு குண்டூசிகூடக் கிடக்கவில்லை. ஒரு மூலையிலும் கயிற்றுச் சுருள் இல்லை, உடைந்த பல்பு இல்லை, யாரோ மறந்து வைத்த கத்தரிக்கோல் இல்லை. முந்நூறு கல்யாணம் செய்ததாகச் சொல்கிற இடம் இத்தனை சுத்தமாக இருக்கிறதே, இவனிடம் வேலைக்காரர்கள் நல்லவர்கள் போல என்றுகூட நினைத்தாள்.

கோட்டுக்காரன் கணக்குச் சொன்னான். மொத்தத் தொகை ஊர் விலையைவிடக் கொஞ்சம் குறைவு, சந்தேகம் வராத அளவுக்குக் குறைவு. அதில் முக்கால் பாகம் இன்றே கட்டவேண்டும். அந்தத் தேதிக்குக் கண்ணாடி மண்டபத்தைத் தங்கள் பெயரில் பிடித்து வைத்திருப்பதாகவும், இன்னொரு குடும்பம் ஆறு மணிக்கு வரப்போகிறது என்றும் சொன்னான். மண்டபம் உறுதி என்று முத்திரை குத்திய ஒரு தாளை நீட்டினான். வாத்தியார் தலையாட்டிக்கொண்டே செல்போனை எடுத்தார். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணம் அது. அவருடைய கட்டைவிரல் போக வேண்டியது இன்னும் ஒரு அங்குலம்.

அப்போதுதான் அக்கா சுவரைப் பார்த்தாள்.

ஆள் உயரத்துக்கு ஒரு படம். இந்த நிறுவனம் செய்த கல்யாணமாம். கண்ணாடி மண்டபத்துத் தலைமேசை. வெள்ளைத் துணி தரைவரை தொங்குகிறது. அதன் முன்பக்கம், பக்கவாட்டு வெளிச்சத்தில், மூன்று இலை.

முதலில் அவளுக்கு வந்தது பெருமைதான். அடேயப்பா, நம் துணி எவ்வளவு அம்சமாக விழுந்திருக்கிறது என்று நெஞ்சு விரிந்தது. அடுத்து வந்தது வெட்கம். இந்த மனிதர் மாற்றிப் போட்டதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களே என்று கீழே வேனில் இருந்தவரை மனத்துக்குள் திட்டினாள். மூன்றாவதாகத்தான் புத்தி வந்தது. அந்தக் கல்யாணத்தில் பூ வைத்தது ஏணி. விளக்கு, அவளுக்குத் தெரிந்த விளக்குக்காரர். சமையலும் தெரிந்த ஆள். அப்படியானால் இந்தக் கோட்டு அங்கே என்ன செய்தது?

மகளின் கலங்கிய கண் ஒரு பக்கம், வாத்தியாரின் கட்டைவிரல் ஒரு பக்கம். பெருமை பேசமாட்டேன் என்றுதானே சொன்னோம், சந்தேகம் கேட்கமாட்டேன் என்று சொல்லவில்லையே என்று தனக்குத்தானே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"தம்பி, துணியெல்லாம் உங்களோடதா?"

"எல்லாமே சொந்தம்தாம்மா. வெளியில ஒண்ணும் வாங்கறதில்லை."

"மெழுகு கொட்டிடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு போட்டுருவோம். தரத்துல நாங்க சமரசமே பண்றதில்லை."

மெழுகு பட்டதற்காகத் துணியைத் தூக்கிப் போடுகிறவன் இந்தத் தொழிலில் இன்னும் பிறக்கவில்லை. அக்கா டீயை ஒரு வாய் குடித்தாள்.

"கண்ணாடி மண்டபத்துல சாமான் எந்த வாசல் வழியா ஏத்துவீங்க?"

"முன்வாசல்தான். பெரிய வாசலாச்சே."

முன்வாசலில் பதினோரு படி. அங்கே ஒரு பூக்கூடையை வைத்தால்கூடக் காவல்காரர் பெற்ற தாயையும் விடமாட்டார். வேலைக்காரர்கள் எல்லாரும் ஆற்றுப்பக்கத்து இரும்புக் கதவு வழியாகத்தான் போவார்கள். முப்பது வருஷமாக அவள் போய் வருகிற வழி அது. வாத்தியார் செல்போனிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். எதற்குக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் பரீட்சை அறையில் நாற்பது வருஷம் நடந்தவருக்கு, பதில் தெரியாமல் எழுதுகிறவன் முகம் தெரியும்.

இனி வாக்கு நிற்காது என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. மகளிடம் அப்புறம் காலில் விழுந்துகொள்ளலாம்.

"சம்பந்தி, கொஞ்சம் இருங்க. அந்தப் படத்துல இருக்கற துணி என்னோடது."

கோட்டுக்காரன் சிரித்தான். வெள்ளைத் துணி எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னான்.

"இருக்காது தம்பி. சம்பந்தி, நீங்க கிட்டப் போய்ப் பாருங்க. கீழ்ப்பக்கம் இலை தைச்சிருக்கும்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு போனார். குனிந்தார். விரலால் எண்ணினார்.

"மூணு."

"நடுவுல இருக்கறது மத்த ரெண்டையும்விட நீளமா?"

"நீளம்தான்."

"அன்னைக்கு வெளிச்சம் பத்தல. இழுத்துத் தைச்சுட்டேன்."

அதெல்லாம் துணியோடு வருகிற டிசைன் என்றான் கோட்டுக்காரன். டிசைன் என்றால் பக்கத்து மேசையிலும் இருக்கவேண்டுமே என்று அக்கா கேட்டாள். வாத்தியார் பக்கத்து மேசையையும் பார்த்தார், அதற்கடுத்ததையும் பார்த்தார். எதிலும் ஓர் இலை இல்லை. உடனே கோட்டுக்காரன் மாற்றிப் பேசினான். அந்த ஒரு துணியை மட்டும் வாடகைக்கு எடுத்திருப்பார்கள் என்றான். யாரிடமிருந்து என்றாள் அக்கா. அவளிடம் வாடகைக்கு எடுக்கிறவர்கள் பதினோரு பேர், பதினோரு பேரின் பிள்ளைகள் பெயரும் அவளுக்குத் தெரியும்.

வாத்தியார் முத்திரை குத்திய தாளை எடுத்து, இதில் இருக்கிற மண்டபத்து எண்ணுக்கு நேற்றே பேசினேனே, உறுதி என்றார்களே என்று மெதுவாகச் சொன்னார். அந்த எண்ணைக் கொடுத்தது யார் என்று அக்கா கேட்டாள். கொடுத்தவன் எதிரில்தான் நின்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டு மண்டபத்தின் எண்ணைச் சொன்னாள். வாத்தியார் அழுத்தினார், சத்தம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். மண்டபத்து மேனேஜரே எடுத்தார். அந்தத் தேதி காலியாகத்தான் இருக்கிறது, யாரும் பிடித்து வைக்கவில்லை, அப்படி ஒரு நிறுவனத்தின் பெயரையே கேள்விப்பட்டதில்லை, பேசுவது யார் என்றார்.

"நான்தான்," என்றாள் அக்கா.

"அக்காவா? உங்க வீட்டுக் கல்யாணமா? இத்தனை நாள் சொல்லவே இல்லையே, என்னக்கா நீங்க. தேதியை உங்க பேர்ல எழுதிக்கறேன். வந்து பேப்பர் போட்டுக்கலாம்."

தலைமை அலுவலகத்தில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கோட்டுக்காரன் உள்ளே போனான். டீ ஆறும்வரை இருந்து பார்த்தார்கள். வரவில்லை. அவர் அப்போதே பின்பக்கத்து லிஃப்டில் இறங்கிவிட்டார் என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள். அவளும் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகிறதாம், இன்னும் சம்பளம் வரவில்லையாம். பாவம், அவளிடம் இரண்டு கோப்பைக்கும் நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள்.

வேனில் முன்வரிசையில் மூன்று பேர். வாத்தியார் அந்த முத்திரைத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நாப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் குடுத்தேன் சம்பந்தியம்மா. வந்த விடையைத் திருப்பிப் போட்டுப் பாருன்னு எத்தனை பிள்ளைங்களைத் திட்டியிருப்பேன். நானே பார்க்கலையே."

அக்காவுக்கு இது சொல்லிக் காட்டக்கூடிய இடம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பாள், ஒரு வாரம் சொல்லியிருப்பாள். அந்த முகத்தைப் பார்த்து மனம் வரவில்லை.

"விடுங்க சம்பந்தி. அந்தப் படத்தை மட்டும் பார்க்கலைன்னா நானும் டீயைக் குடிச்சுட்டுத்தான் வந்திருப்பேன். இதோ வண்டி ஓட்டறாரே, இவரு துணியை மாத்திப் போட்டதாலதான் எனக்கே தெரிஞ்சுது."

வீட்டுக்காரர் வண்டிக் கண்ணாடியைச் சரிசெய்தார். "நாலு வருஷம் கழிச்சு," என்றார்.

மறுநாள் வாத்தியார் காவல் நிலையத்தில் ஆறு பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தார். ஏற்கெனவே ஐந்து குடும்பங்கள் அந்த நிறுவனத்தில் பணம் கட்டியிருந்தது பிறகு தெரிந்தது. ஒரு குடும்பத்துக்குத்தான் ஏதோ கொஞ்சம் திரும்பக் கிடைத்தது.

அதற்குப் பிறகு வாத்தியாரை அக்கா இழுத்துக்கொண்டு போன இடங்கள் செல்போனில் வராதவை. யாருக்கு வேலை கொடுக்கப் போகிறோமோ, அவர்கள் வேறொருவர் கல்யாணத்தை முடித்துவிட்டுக் கழற்றுகிற நேரத்துக்குப் போய்ப் பின்வாசலில் நிற்க வேண்டும் என்பது அவள் முறை. மாட்டும்போது எல்லாருமே நன்றாகத்தான் மாட்டுவார்கள். வாங்கவேண்டியதை வாங்கிய பிறகு எப்படிக் கழற்றுகிறார்கள் என்பதில்தான் ஆள் தெரியும். மூன்று நாள் மத்தியானம் அவர்கள் இருவரும் இரும்புக் கதவுகளின் ஓரத்தில் நின்றார்கள். ஒரு விளக்குக்காரன் ஒயரை வெடுக்கென்று இழுத்துச் சுவரில் காரையைப் பெயர்த்தான், அவனை விட்டார்கள். ஏணி ஒவ்வொரு குண்டூசியையும் குனிந்து பொறுக்கி டப்பாவில் போட்டதை வாத்தியார் வாய் பிளந்து பார்த்தார். படம் எடுப்பவரிடம், தேர்ந்தெடுத்த பத்துப் படம் வேண்டாம், ஒரே கல்யாணத்தின் மொத்தப் படத்தையும் காட்டுங்கள் என்று கேட்டார்கள். முன்பு வேலை கொடுத்த குடும்பங்களில் மூன்று வீட்டுக்கு நேரிலேயே போய் விசாரித்தார்கள்.

எழுதுகிற வேலை வாத்தியாருடையது. எந்தத் தேதி, எத்தனை மணி, எத்தனை மேசை, வராவிட்டால் என்ன, பணம் மூன்று தவணையில் எப்போது எப்போது என்று மணிமணியான கையெழுத்தில் எழுதினார். இந்தத் தொழிலில் தெரிந்தவர்களுக்குள் யாரும் எழுதிக்கொள்வதில்லை. ஏணி தலையைச் சொறிந்தான்.

"அக்கா, நமக்குள்ள பேப்பரா?"

"நமக்குள்ளதாண்டா பேப்பர் வேணும். நாளைக்கு உனக்கும் எனக்கும் சண்டை வந்தா யாரு தீர்த்து வைப்பா, உன் ஏணியா?"

அவன் கையெழுத்துப் போட்டான். போட்ட பிறகு, எனக்கும் ஒரு நகல் கொடுங்கள் வாத்தியாரே, மற்றவர்கள் வீட்டு வேலைக்கும் இதையே காட்டிக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிப்போனான்.

மகளிடம் அக்கா அன்றே ஒப்புக்கொண்டிருந்தாள், வாக்கை மீறிவிட்டேன் என்று. மகள் அம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். துணி வெளுக்கிற சோடா உப்பில் காய்த்த கை அது.

கல்யாணத்தன்று காலையில் அக்கா புதுப்புடவையில் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள். வாத்தியார் போட்ட நாற்காலி. எழுந்திருக்கக் கூடாது என்று உத்தரவு. துணி விரித்தது வீட்டுக்காரர். தலைமேசைக்கு அந்த மூன்று இலைத் துணியைத்தான் அவள் எடுத்து வைத்திருந்தாள். அவர் துணியை உதறிப் பிடித்துக்கொண்டு, சிவப்பு நூல் முடிச்சைத் தேடி எடுத்து, அவளைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்?"

"முன்பக்கம்," என்றாள்.

"நான் அப்பவே அப்படித்தான் போட்டேன்," என்று சொல்லிவிட்டு விரித்தார். நாலு வருஷமாக வைத்திருந்த வார்த்தை அது.

விருந்தாளிகள் வர ஆரம்பித்தார்கள். இன்றைக்குப் பேசு அம்மா, எவ்வளவு வேண்டுமானாலும் பேசு என்று மகள் காதில் சொல்லிவிட்டுப் போனாள். அக்காவும் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானாள். ஆனால் இடம் கிடைக்கவில்லை. வாத்தியார் தன்னோடு வேலை பார்த்தவர்களையும் தன் சொந்தக்காரர்களையும் ஒவ்வொரு கூட்டமாகத் தலைமேசைக்கு அழைத்து வந்து, குனியச் சொல்லி, எண்ணச் சொல்லிக்கொண்டிருந்தார். குப்பையில் போட்ட ஆறு துணியிலிருந்து ஆரம்பித்தார். எத்தனை நாள் ஊறவேண்டும், எப்போது நீலம், எப்போது கஞ்சி என்று ஒன்று விடாமல் சொன்னார். ஓரிடத்தில் மட்டும் நாலு நாள் ஊறவைத்ததாகச் சொல்லிவிட்டார்.

"மூணு நாள்," என்று அக்கா நாற்காலியிலிருந்தே திருத்தினாள்.